இல்லாத கம்பெனியின் பங்கு

காலையில் பல் துலக்கிய கையோடு கணவரை ஒருக்களிக்கத் திருப்பி வைத்துவிட்டுத்தான் ரெஜினாள் காப்பி போடுவாள். நிலவுக் குடியிருப்பில் வேலை இழந்தவர்களை உறைதுயிலில் வைத்துவிடுவது சட்டம். மூச்சுக்காற்று மிச்சமாகும் பாருங்கள். பொதுக் கிடங்கு நிரம்பிவிட்டதால், துயில்பேழையை அவரவர் கட்டிலுக்கடியிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். சூசைமாணிக்கம் அப்படித்தான் ஆறு வருடமாகப் படுத்திருந்தார். முதல் வருடம் முழுக்க ரெஜினாள் அழுதாள். இப்போது மனம் மரத்துப்போய், பாய் சுருட்டுவது போல அதுவும் ஒரு வேலையாகிவிட்டது.

அவளுக்கும் முறை வந்திருந்தது. அவள் பார்த்துவந்த காற்று வடிகட்டி கழுவும் வேலையை ஓர் எந்திரம் எடுத்துக்கொண்டது. நாற்பது நாளுக்குள் தரவாய்வுத் தேர்வில் தேறினால் விழித்திருக்கலாம். தவறினால் அவளும் பேழைக்குள். பயப்பட வேண்டிய விஷயம்தான், ஆனால் பயம் வரவில்லை. பாடத்தைத் திறந்து உட்கார்ந்தாள்.

பாடம் புரிந்தது. பழகிப் பார்க்க டேட்டா கிடைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. பங்குச் சந்தையின் ஏற்ற இறக்கத்துக்குக் காரணம் கண்டுபிடிப்பதுதான் தேர்வு. நிலவுச் சந்தையிலோ முப்பது வருடமாக எதுவும் அசையவில்லை. அங்கே வாங்குவதும் விற்பதும் வணிகப்பொறிகள். எல்லாக் கம்பெனியைப் பற்றியும் எல்லாப் பொறிக்கும் எல்லாம் தெரியும் என்பதால் விலைக்கோடு தரையாகக் கிடந்தது. அதை வைத்துக்கொண்டு என்னத்தைப் பழகுவது? பூமியின் பழைய சேமிப்புகளைத் துழாவினாள். ஒன்றில் தேதி இருந்தால் விலை இல்லை. ஒன்றில் பாதி வரிகள் காலி. இன்னொன்றை யாரோ ஒரு சோம்பேறி கற்பனையாக அடித்துவிட்டிருந்தான். அதில் ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல் சந்தை நடந்திருந்தது.

பதினோராம் நாள் ‘பூவரசு மின்விசிறி’ அகப்பட்டது. நூற்றுப்பத்து வருடங்களுக்கு முன்பே இழுத்து மூடப்பட்ட கம்பெனி. இருபது வருடத்துக்கான தொடக்க விலை, உச்சம், தாழ்வு, முடிவு விலை, கைமாறிய பங்குகள் எல்லாம் இருந்தன, ஒரு கட்டம்கூடக் காலியில்லை. வெகுநாளைக்குப் பிறகு ரெஜினாளுக்கு லேசாக ஒரு சந்தோஷம் வந்தது. தன்னோடு படிப்பவர்களுக்கும் அனுப்பினாள். அவர்கள் தங்களுக்குத் தெரிந்தவர்களுக்கு அனுப்பினார்கள். இரண்டே வாரத்தில் நாலாயிரம் பேர் பூவரசைப் பிரித்து மேய்ந்துகொண்டிருந்தார்கள்.

தேர்வில் ஒரே ஒரு கேள்வி. இன்றைய சந்தையில் மிக வேகமாக ஏறும் பங்கு ஏன் ஏறுகிறது? அந்தப் பங்கின் பெயரைத் திரையில் பார்த்தவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். பூவரசு மின்விசிறிதான்.

விஷயம் பிடிபட அவளுக்கு அரை மணி நேரமாயிற்று. பூமியிலிருந்து நிலவுச் சந்தைக்கு வந்த பழைய பதிவேட்டிலிருந்து அந்தக் கம்பெனியின் பெயரை யாரும் நீக்கவில்லை. எப்போதோ மூடிப்போன அதைப் பற்றி மட்டும் வணிகப்பொறிகளுக்கு ஒன்றும் தெரியாது. நாலாயிரம் பேர் ராப்பகலாக அதையே பார்க்கிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது. இத்தனை பேர் பார்த்தால் உள்ளே ஏதோ இருக்க வேண்டும் என்று ஒரு பொறி வாங்கியது. அது வாங்கியதைப் பார்த்து மற்றவை வாங்கின. இந்தப் புத்தியை அவற்றுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் சாட்சாத் மனிதர்கள்தான். ரெஜினாள் ஒன்று விடாமல் எழுதி, இப்படி ஒரு கம்பெனியே இல்லை, நாங்கள் பார்த்ததால்தான் ஏறுகிறது என்று முடித்தாள்.

மறுநாள் தேர்வு அதிகாரி குலசேகரன் கூப்பிட்டனுப்பினார். கொட்டாவி விட்டபடியே பேசுகிற மனிதர். அத்தனை பேரில் அவள் ஒருத்தி விடைதான் சரி என்றும், ஆனாலும் தேர்ச்சி போட வழியில்லை என்றும் சொன்னார். தேறிய விடையைப் பொதுப் பலகையில் போட்டாக வேண்டும். வணிகப்பொறிகள் அதைப் படித்த அடுத்த நிமிடம் பூவரசு தரைக்கு வந்துவிடும்.

“நேத்து ஏறினதப் பாத்துட்டு குடியிருப்பு சனம் மொத்தமும் சேமிப்ப அதுலதான் போட்டு வச்சிருக்கு, ரெஜினாம்மா. நானும்தான்.”

“அப்போ யாரு சார் தேறினாங்க?”

“மின்விசிறிக்கு நல்ல எதிர்காலம் இருக்குன்னு எழுதினவங்க.”

சுவருக்கு வெளியே காற்றே இல்லாத ஊர் அது. ரெஜினாளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. துயில் படிவத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி பாக்கியிருந்தது. தூங்கும் காலத்தில் அவளுடைய சேமிப்பையும் கணவருடையதையும் எதில் போட்டுவைப்பது? குலசேகரன் அரசுப் பத்திரத்தைச் சொன்னார். நூறு வருடமானாலும் அது குறையாதாம், பெரிதாக ஏறவும் செய்யாதாம்.

ரெஜினாள் அவருக்குப் பின்னால் சுவரில் ஓடிக்கொண்டிருந்த விலைப்பட்டியலையே பார்த்தபடி இருந்தாள்.

“பூவரசுலயே போட்டுடுங்க சார்.”

அவர் கொட்டாவியைப் பாதியில் நிறுத்தினார். “கம்பெனியே இல்லன்னு எழுதினது நீங்கதானேம்மா?”

“ஆமா சார். ஆனா இன்னிக்கும் ஏறியிருக்கே.”