நீராவிக்குள் ஒரு விருந்தாளி

இப்போதெல்லாம் மூச்சு விடுவதற்குக்கூட மனிதனுக்கு அச்சடித்த தாள் வேண்டியிருக்கிறது!

எழுபத்து நாலு வயது என்சியோவுக்கு அதுதான் எரிச்சல். வாழ்நாளெல்லாம் ஹெல்சிங்கியில் டிராம் ஓட்டியவர். வழி தெரியாதவன் வாயைத் திறந்து கேட்பான். இவர் கையை நீட்டிக் காட்டுவார். முடிந்தது கதை.

இப்போது பாருங்கள்... பாலம் கட்டுகிற எஞ்சினியர்கள் மாநாடு என்று ஊர் பூரா வெளிநாட்டுக் கூட்டம். ஆளுக்கொரு வழிகாட்டித் தாள். குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம். டிராமில் சத்தம் போடாதீர்கள். வீட்டுக்குள் ஷூவோடு நுழையாதீர்கள். பெற்றவர்கள் சொல்ல வேண்டியதையெல்லாம் மாநாட்டுக்காரன் சொல்கிறான்!

ஓட்டல்கள் நிரம்பி வழிந்ததால் என்சியோவின் காலி அறையில் வந்து விழுந்தவர் அன்செல்மோ. போர்ச்சுகல்காரர். பல் விளக்குவதற்கு முன்னாலும் தாளைப் பார்ப்பவர். இப்படி ஒரு ஆளை நம்பி எவன் பாலத்தில் ஏறுவான் என்று யோசித்தபடி என்சியோ காபியை உறிஞ்சியபோதுதான்...

"ஆஆஆ...!"

அடித்தளத்திலிருந்து ஓர் அலறல்.

அந்தக் கட்டடத்தில் யாரும் அலறுவதில்லை. இருமுவதற்கே பக்கத்து வீட்டில் என்ன நினைப்பார்களோ என்று யோசிக்கிற ஜனம்.

என்சியோ படியிறங்கினார்.

கட்டடத்துக்கே பொதுவான சவுனா, அதாவது நீராவிக் குளியலறை. கதவு திறந்து கிடந்தது. உள்ளே வெள்ளை நீராவி...

மேல் பலகையில் அன்செல்மோ. பொட்டுத் துணியில்லாமல், குப்புற. வழுக்கை மண்டையின் பின்பக்கம் ரத்தம். சூடான கல்லில் தண்ணீர் ஊற்றும் கட்டை அகப்பை பக்கத்தில் இரண்டாக உடைந்து கிடந்தது.

கீழ்ப் பலகையில் இரண்டு ஹாலந்துக்காரர்கள். அன்செல்மோ அழைத்திருந்த சக எஞ்சினியர்கள். முதுகு நிமிர்த்தி, மௌனமாக வியர்த்துக்கொண்டிருந்தார்கள்.

அலறியவள் ஹில்க்கா. கட்டடப் பொறுப்பாளர். நேரம் முடிந்தது என்று சொல்ல வந்தவள். அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள். எட்ட நின்றே, "போயிட்டாரு" என்றாள். அதற்குமேல் அங்கே மறுபேச்சு கிடையாது. அடுப்பை அணைத்துவிட்டு போலீசுக்குப் போன் போட்டாள்.

இன்ஸ்பெக்டர் மார்யா கொஸ்கேலா நம்பவே முடியாத வேகத்தில் வந்து நின்றாள். டாக்டர் வருகிறவரை யாரும் எதையும் தொடக் கூடாது என்று உத்தரவு போட்டாள். ஹாலந்துக்காரர்களைத் துண்டு சுற்றச் சொல்லி வெளியே இழுத்தாள்.

அவர்கள் உள்ளே வந்தபோதே அன்செல்மோ படுத்துத்தான் கிடந்தாராம். ரத்தமும் தெரிந்ததாம்.

"அப்புறம் ஏன்யா கத்தலை?"

நனைந்துபோன தாளை ஒருவர் பயபக்தியோடு நீட்டினார். சவுனாவில் அமைதி காக்கவும். மௌனமாக இருப்பவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

நுழையும்போது யாராவது எதிரே வந்தார்களா என்று கேட்டாள். வந்தார்களாம், ஓர் ஆள். முகம்? அடுத்தவரை உற்றுப் பார்க்காதீர்கள் என்று அடுத்த வரியிலேயே போட்டிருக்கிறதே!

இன்ஸ்பெக்டர் ஒரு பெருமூச்சோடு என்சியோ பக்கம் திரும்பினாள்.

"வெள்ளிக்கிழமை ஆறு மணி யாரோட முறை, ஐயா?"

"என்னோடது."

"உங்க முறையில அவர் எப்படி வந்தார்?"

"விட்டுக் கொடுத்தேன்."

சுற்றி நின்ற குடித்தனக்காரர்களிடம் ஒரு சலசலப்பு. வீட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம் என்பது கட்டடத்து ஏற்பாடு. அதில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்பது ராஜ முறை. வைத்திருப்பவன் செத்தால்தான் வரிசையில் அடுத்தவனுக்குக் கிடைக்கும். பெண்டாட்டியை விட்டுக் கொடுத்தவன் உண்டு அந்த ஊரில். வெள்ளிக்கிழமையை விட்டுக் கொடுத்தவன் கிடையாது.

"முன்னபின்ன தெரியாத ஆளுக்கு வெள்ளிக்கிழமையை விட்டீங்க. அவர் அங்கேயே செத்துக் கிடக்கார். வரவச்சு அடிச்சீங்களா, பெரியவரே? கோட்டை எடுத்துக்குங்க. ஸ்டேஷனுக்குப் போகலாம்."

என்சியோ ஓரக்கண்ணால் ஹில்க்காவைப் பார்த்தார். உண்மை ஒன்று இருந்தது. ரத்த அழுத்தம். சூட்டுப் பக்கமே போகாதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைச் சொன்னால் ஜெயில் இல்லை. ஆனால் ஹில்க்காவின் காதில் விழுந்தால், குளிக்காதவனுக்கு முறை எதற்கு என்று அடுத்த வாரமே பறிபோகும்.

ஜெயிலா... வெள்ளிக்கிழமையா...

நிஜமாகவே யோசித்துக்கொண்டிருந்தார்.

அப்போது படியில் மிதியடிச் சத்தம். இரண்டாவது மாடி ரைத்தனேன்! குளியல் அங்கி. தோளில் துண்டு. கையில் குளிர்ந்த பீர்.

நேராக ஹில்க்காவிடம் வந்தான். தலையை ஒரு சாய்ப்பு சாய்த்துத் துக்கத்தைக் காட்டினான்.

"என்சியோ போனது ரொம்ப வருத்தம். நல்ல மனுஷன், டிராமைத்தான் லேட்டா ஓட்டுவார். சரி... வெள்ளிக்கிழமை இனிமே எனக்குத்தானே?"

"நான் எங்கடா போனேன்?" என்றார் ஹில்க்காவின் பின்னால் நின்ற என்சியோ.

பீர் பாட்டில் தரையில் விழுந்து சிதறியது.

இன்ஸ்பெக்டர் மெல்ல நடந்து ரைத்தனேன் முன்னால் வந்தாள். "செத்தது யாருன்னு நாங்க வெளியில சொல்லவே இல்லையே. என்சியோன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"அது... நீராவியில... பின்பக்கமா பார்த்தா..." ரைத்தனேன் சுவரில் சாய்ந்தான். "அதே வழுக்கை, அதே கூன். பதினோரு வருஷம் வரிசையில நிக்கறேன்மா! இந்தக் கிழவன் சாகவே மாட்டேங்கறான்!"

விலங்கு மாட்டப்போன நேரம்...

மேல் பலகையில் பிணம் எழுந்து உட்கார்ந்தது!

ஹில்க்கா இரண்டாவது தடவை அலறினாள். அன்செல்மோ தலையைத் தடவியபடி எல்லோரையும் பார்த்தார். வெளியே வந்தார். சவுனாவின் வாசலைத் தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"இப்போ பேசலாமா?"

"எப்பய்யா முழிச்சீங்க?" இன்ஸ்பெக்டர் கத்தியேவிட்டாள்.

ஹாலந்துக்காரர்கள் வந்த கொஞ்ச நேரத்திலேயாம். எல்லோரும் அமைதியாக இருந்ததால் இவரும் அமைதியாகப் படுத்திருந்தாராம்.

"ஒருத்தன் மண்டையை உடைச்சிருக்கான்!"

"ஆமா. சவுனாவுல உள்ளூர்க்காரங்க பூர்ச்ச மர இலைக் கொத்தால அடிப்பாங்க, பழக்கம்தான், பயப்படாதீங்கன்னு தாள்ல இருந்தது." அன்செல்மோ ரைத்தனேனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ரொம்ப நன்றி. கொஞ்சம் பலமாத்தான் இருந்தது."

ரைத்தனேன் விம்மி அழுதான்.

புகார் இல்லாவிட்டாலும் வாக்குமூலம் இருக்கிறதே! ஜீப்பில் ஏற்றினார்கள். டாக்டர் வந்து தையல் போட்டார். கூட்டம் ஒருவரையொருவர் பார்க்காமல் கலைந்தது.

இன்ஸ்பெக்டர் மட்டும் போகவில்லை.

"ஸ்டேஷனுக்குப் போகலையாம்மா?" என்றார் என்சியோ.

"இன்னிக்கு என் ட்யூட்டி முடிஞ்சதுங்க ஐயா. வீடு இங்கேதான், அஞ்சாவது மாடி. போன மாசம் குடி வந்தேன். வீட்டோட பழைய குடித்தனக்காரரோட வரிசை இடமும் சேர்ந்தே வந்தது." சிரித்தாள். "ரைத்தனேன் உள்ளே போயிட்டார். வெள்ளிக்கிழமை வரிசையில இப்போ அடுத்தது நான்தான். ஆமா... உங்க உடம்பெல்லாம் எப்படி இருக்கு?"

"கல்லு மாதிரி இருக்கு."

சொல்லிவிட்டு என்சியோ படியேறினார். கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக, பின்பக்கமாகவே.

"ஐயா, ஏன் இப்படிப் பின்பக்கமா ஏர்றீங்க? நான் போலீஸ். என்னை நம்ப மாட்டீங்களா?"

"நம்பறேன்மா," என்றார் என்சியோ, இன்னொரு படி பின்னால் வைத்து. "முதுகுக்குத்தான் இன்னும் நம்பிக்கை வரலை!"