வேரோடு எடுத்த ஆசை

நிலாச் சுரங்க அலுவலகத்தில் மணிக்கொரு தரம் சங்கு ஊதும். ஊதியதும் புகைப்பவர்கள் எழுந்துபோய்ச் சுவரோரம் வரிசையாக நின்று, கழுத்தெலும்புக்குக் கீழே பொருத்தியிருக்கும் துளையில் ஆளுக்கொரு குழாயைச் செருகிக்கொள்வார்கள். புகை நேராக நுரையீரலுக்குள் போகும். ஐந்து நிமிடத்தில் குழாயே அதை உறிஞ்சி எடுத்துவிடும். நிலாவில் காற்றைக் கெடுக்க யாருக்கும் அனுமதி இல்லை.

தணிகாசலம் ஒன்பது வருடமாக அந்தச் சுவரோரம் நின்றவர். நாற்பது தாதுவண்டிகள் மோதிக்கொள்ளாமல் திரையில் பார்த்துக்கொள்வது அவர் வேலை. வண்டிகள் ஓடும்போது கண்ணை எடுத்தால் எங்கோ ஒருவன் நசுங்குவான்; சங்கு ஊதினால்தான் அவை நிற்கும். அந்தப் பதைப்பில் குழாயை விட முடியவில்லை. ஆனால் பூமிக்குப் போகும் கப்பலில் புகைப்பவர்களை ஏற்றமாட்டார்கள். மகள் இசைவாணிக்கு அடுத்த மாதம் கல்யாணம். இந்தக் கப்பலை விட்டால் அடுத்தது இரண்டு வருடம் கழித்துத்தான்.

மனிதர் துணிந்து ஆசைநீக்கிக் கூடத்தில் போய்ப் படுத்தார்.

"வலிக்குமா டாக்டர்?"

"எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும். எந்த ஆசை உங்களைக் குழாய்கிட்ட இழுக்குதுன்னு மெஷின் தேடும். அதை வேரோட எடுத்துடும்," என்றார் டாக்டர் பெனடிக்டா.

இயந்திரம் தேடியது. புகையின் மேல் அவருக்குப் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. அடியில் வேறொன்று சுருண்டு கிடந்தது: அந்த நாற்காலியை விட்டு எழுந்து போய்விட வேண்டும் என்ற ஆசை. இயந்திரத்துக்கு நல்லது கெட்டது தெரியுமா? எடுத்துவிட்டது.

அடுத்த சங்குக்குத் தணிகாசலம் எழவில்லை. அதற்கடுத்ததற்கும் எழவில்லை. சாப்பாட்டை மேசைக்கே வரவழைத்தார். தூக்கமும் அங்கேயே. கால் இரண்டும் வீங்கின. அவரோ சிரித்த முகமாகத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் தங்கள் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். மேலாளர் மட்டும் பூரித்துப்போய், எல்லோரும் சிகிச்சைக்கு மனுப் போடுங்கள் என்றார்.

கப்பல் கிளம்பும் நாளில் இசைவாணி திரையில் வந்தாள்.

"அப்பா, ஏறிட்டீங்களா?"

"இதோம்மா. இந்த ஒண்ணை மட்டும் முடிச்சிட்டு வந்துடறேன்."

கப்பல் போய்விட்டது. இசைவாணி விம்மி விம்மி அழுதாள். ஆனால் அப்பாவின் மூளையில் ஏதோ கோளாறு என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. பூமியில் வேலை பார்த்த காலத்தில், அவள் பிறந்த அன்றைக்கும், அம்மா ஆஸ்பத்திரியில் கடைசி மூச்சு விட்ட அன்றைக்கும், அவர் இதையேதான் சொல்லியிருந்தார்.