அப்பாவின் கட்டைவிரல்

அப்பாவின் வலது கால் கட்டைவிரல் தக்காளிபோலச் சிவந்து வீங்கியிருந்தது. போர்வையின் நுனி பட்டாலே அலறினார்.

ரஞ்சனிக்குக் கோபம் விரலின் மேல் இல்லை. பார்க்க வந்தவர்கள் மேல்தான்.

"இங்கதான் வலிக்குதா?" என்று பக்கத்து வீட்டுக் கங்கம்மாள் விரலை அழுத்தினார்.

"ஐயோ!"

"ஆமா, இங்கதான்," என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

அடுத்து வந்தவர் கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்தார். அப்பாவின் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"அம்மா, கதவைச் சாத்திடவா?"

"சும்மா இருடி. வூட்டுக்கு வந்தவங்கள இன்னா சொல்றது?"

ரஞ்சனி பல்லைக் கடித்தாள். சமையலறையிலிருந்து சின்ன மர ஸ்டூலை எடுத்து வந்து, அதன் கால்களுக்கு நடுவே அப்பாவின் பாதம் இருக்கும்படி கட்டிலில் வைத்தாள். மேலே போர்வையைப் போர்த்தினாள்.

அப்பா கண்ணைத் திறந்தார். "எதுவுமே படலம்மா!"

அது 1991ஆம் வருடம். ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலையில் அப்பா புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தார். முந்தின நாள் ரஞ்சனிதான் அவருக்குத் தோள் கொடுத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். டாக்டரம்மா அப்பாவின் சட்டையில் இருந்த கம்பெனி பெயரைப் பார்த்துச் சிரித்தார்.

"உங்க உடம்புலயும் தொழிலாளிங்க உண்டு. என்சைம்னு பேரு. அதுல ஒண்ணு யூரிக் ஆசிட் செய்யும். அது ஓவர்டைம் பாத்து நிறைய செஞ்சிருக்கு. வெளியே போகாம தேங்கினது மூட்டுல ஊசி ஊசியா படிஞ்சிருக்கு. ரத்தத்துல இருக்குற வெள்ளை அணுக்கள் அதை எதிரின்னு நெனச்சு சண்டை போடுது. அதான் வீக்கம். முதல்ல இது வடியட்டும். அப்புறம் அந்த என்சைமை அடக்க மாத்திரை தர்றேன். அதுவரைக்கும் ஈரல், ஆட்டுக்கால் சூப் எதுவும் கூடாது. அதெல்லாம் யூரிக் ஆசிட்டை இன்னும் ஏத்தும்."

ரஞ்சனி அதை நினைத்துக்கொண்டிருந்தபோதே வாசலில் லாரி நின்றது. புருஷோத்தமன் மாமா!

அம்மா திகைத்துப்போனாள். அவளுடைய அண்ணன் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு, ஒரு வருடமாக இந்தப் பக்கமே வரவில்லை. இன்று கையில் தூக்குப் பாத்திரத்தோடு நின்றார்.

"மச்சானுக்கு ஈரல் குழம்பு. சூடா சாப்பிட்டா எழுந்து ஓடுவாரு."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள். பிறகு அப்பாவே மெல்ல, "போடு, கொஞ்சம் சாப்பிடுறேன்," என்றார்.

"கூடாதுப்பா!" ரஞ்சனி கத்தியேவிட்டாள்.

மாமாவின் முகம் கறுத்தது. "ஏன், நான் இன்னா விஷமா எடுத்தாந்தேன்?" அவர் வாசல் பக்கம் திரும்பினார்.

ரஞ்சனிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இந்தப் பெரியவர்கள் ஏன் எதையும் கேட்டுவிட்டுக் கோபப்படுவதில்லை? ஓடிப்போய் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, கம்பெனி வாசல்ல ஏற்கெனவே லாரிங்க வரிசையா நிக்குது. உள்ள சரக்கு வைக்க இடமில்ல. நீங்க இன்னொரு லோடு இறக்குவீங்களா?"

"எவனாச்சும் இறக்குவானா? ரோடே அடைச்சிக்குமே."

"அப்பா விரல்லயும் அப்படித்தான் அடைச்சிக்கினு கீது. ஈரல் இன்னொரு லோடு." டாக்டரம்மா சொன்னதை மூச்சுவிடாமல் சொன்னாள்.

மாமா பாத்திரத்தைப் பார்த்தார், ஸ்டூலுக்குள் இருந்த காலைப் பார்த்தார். "இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

"எங்க சொல்ல விட்டீங்க? குழம்பை எனக்குத் தாங்க. நீங்க வாசல்ல உக்காருங்க. யாரும் அப்பா விரலைத் தொடக் கூடாது."

மாமா வாசலில் நாற்காலி போட்டார். யார் வந்தாலும் கையை நீட்டி மறித்தார்.

"மச்சான் உள்ள தூங்குறாரு. என்சைம் தெரியுமா, என்சைம்? உக்காரு, சொல்றேன்."

உள்ளே அப்பாவின் குறட்டை கேட்டது. ரஞ்சனி சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்து, யார் தொந்தரவும் இல்லாமல் ஒரு பெரிய வாய் சாப்பிட்டாள்.