தலை கிள்ளிய நெத்திலி

கூடைக்கு வெளியே ஏழு நெத்திலித் தலைகள் கிடந்தன. துடைப்பத்தோடு குனிந்த ரூத் அப்படியே நின்றுவிட்டாள். லில்லி கருவாட்டைத் தலையோடும் முள்ளோடும் மென்று விழுங்குகிற பூனை. நெத்திலியின் தலையைக் கிள்ளிப் போட்டுவிட்டுத் தின்பவர்கள் மனுஷர்கள்தான். "கால் வீங்கினாலும் மகாராணிக்கு நாக்கு மட்டும் நீளம்" என்று சொல்லிக்கொண்டே அவற்றை முறத்தில் அள்ளினாள். பயம் வந்தால் அவளுக்குக் கிண்டல்தான் வரும்.

புருஷன் கஸ்பார் கப்பல் வேலைக்குப் போய் நாலு மாதம் ஆகிறது. ராயபுரத்து ஓட்டு வீட்டில் ரூத்தும் லில்லியும்தான். லில்லியின் பின்னங்காலில் தெருநாய் கடித்த இடம் சீழ் வைத்திருந்தது. திங்கட்கிழமை வெறுங்கையால் தூக்கப் போனதில் முழங்கை வரை கீறல் வாங்கியதுதான் மிச்சம். அன்று கட்டிலுக்கடியில் பாய்ந்து ஒளிந்த பூனை பிறகு அவள் கண்ணில் படவே இல்லை. தனியாக மிருக ஆஸ்பத்திரிக்குப் போய் அழாத குறையாக நின்றவளுக்கு, கம்பவுண்டர் எத்திராஜ்தான் வழி சொன்னார்.

"பலவந்தம் பண்ணா பூனை படியாதும்மா. கட்டிலாண்ட இருட்டுல ஒரு கூடைய வெய்யி, அதுவா வந்து குந்தும். வாயில துணிய தொங்க வுடு. நீ கண்ணால பாக்காத, பாத்தாதான் அதுக்கு பேஜாரு. கைய மட்டும் உள்ள வுட்டு மெதுவா தடவிக்கினு பத்து எண்ணு. எண்ணி முடிச்சா ஒரு நெத்திலி. பயம் தெளிஞ்சிடும். அப்பால துண்டால கண்ண மூடிட்டா, எங்க தூக்கினாலும் வரும். சனிக்கெழம டாக்டர் கீறாரு, இட்டுகினு வந்துடு. வுட்டா உசுருக்கே ஆபத்து."

ரூத் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். பழைய பெரிய மீன்கூடையைக் கட்டிலுக்கடியில் சுவரோரமாகப் படுக்கவைத்து, அதன் வாயில் கஸ்பாரின் லுங்கியைத் தொங்கவிட்டாள். செவ்வாயன்று கையை நீட்டியபோது உள்ளே ஏதோ பின்வாங்கியது. புதனன்று விரல் நுனியில் வெதுவெதுப்பாக முடி பட்டது. நேற்று அது தானாகவே தலையை அவள் உள்ளங்கைக்குள் கொடுத்தது. சந்தோஷத்தில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

இன்று சனிக்கிழமை. ஐந்தரை மணிக்கே கரண்ட் போயிருந்தது. வடக்கேயிருந்து அடித்த ஈரக்காற்றில் மணலி எண்ணெய் ஆலையின் அழுகின முட்டை நாற்றம் ஜன்னல் வழியாக வந்து, கட்டிலடியின் கருவாட்டு வாசனையோடு கலந்து தொண்டையில் ஒட்டிக்கொண்டது. ஓட்டின் மேல் மழை சொட்டும் சத்தத்துக்கு நடுவில், துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஒரே ஒரு முறை நீளமாக ஊதி ஓய்ந்தது.

"ரூத்து! ஆட்டோ வந்து நிக்குது. டாக்டரு ஆறு மணிக்கு கெளம்பிடுவாராம்டி!" பக்கத்து வீட்டு கெங்கம்மா வாசலில் நின்று கத்தினாள்.

"தோ வந்துட்டேன்க்கா!"

தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு தரையில் மல்லாந்து படுத்தாள். தலையைக் கட்டிலுக்கு வெளியே வைத்தபடி, லுங்கிக்குள் கையை மட்டும் விட்டாள். முடி தட்டுப்பட்டது. நேற்றைவிட இன்று கிட்டத்தில் இருந்தது.

"பயப்படாதடி. ஒண்ணு... ரெண்டு... மூணு..."

உள்ளே உறுமலாக மூச்சு. நாலு. அஞ்சு. துண்டைப் போடுமுன் காதைத் தடவிக்கொடுக்கலாம் என்று விரலை நகர்த்தினாள். பூனைக் காது விறைப்பாக, கூராக நிற்கும். இது மெத்தென்று, தட்டையாகத் தொங்கியது.

மடலில் ஒரு துளை. கம்மல் போடும் துளை.

அவள் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. மழைத்தண்ணீர் இல்லை. பிசுபிசுத்தது. சீழ் நாற்றம்.

மேலே பார்த்தாள்.

பரணில் லில்லி. வயிறு ஒட்டி, வால் சிலிர்த்து, வீங்கிய கால் விளிம்பில் தொங்க. அதன் கண்கள் ரூத்தைப் பார்க்கவில்லை. கட்டிலடியைப் பார்த்தன. ஐந்து நாளாக அது இறங்கவே இல்லை.

கையை இழுத்தாள்.

விரல்கள் அவள் மணிக்கட்டைப் பிடித்தன. இறுக்கமாக இல்லை. ஒரு கட்டைவிரல் அவள் கீறல்களின் மேல் மெதுவாகத் தடவியது.

"பயப்படாதடி," என்றது கூடை. அவள் குரலிலேயே. "ஒண்ணு... ரெண்டு..."

"ரூத்து! உள்ள இன்னாடி பண்ற?" கெங்கம்மா.

ரூத் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

"...எட்டு. ஒம்போது. பத்து."

அவள் உள்ளங்கையில் ஏதோ வைக்கப்பட்டது. காய்ந்தது. சின்னது. நெத்திலி. தலை கிள்ளியிருந்தது.

லுங்கி விலகியது. இன்னொரு கை வெளியே வந்தது. நீளமாக. இன்னும் நீளமாக. அவள் தோளிலிருந்த துண்டை எடுத்தது. அவசரமே இல்லாமல் அவள் கண்களின் மேல் போர்த்தியது.

எத்திராஜ் சொன்னது சரிதான். இருட்டானதும் அவள் கைகால் தானாக அடங்கின. அது அவளைக் கூடைக்குள் இழுக்க ஆரம்பித்தது.