நான்காவது கலம்

மேசையின் தலைமாட்டில் நிலையத் தலைவி மெஹருன்னிசா. அவருக்கு வலப்பக்கம் மின்பொறுப்பாளன் கதிரேசன். எதிரே, நீர்மப் பொறுப்பாளர் இன்னாசி. நான்காவது நாற்காலி காலி. அது இன்னாசியின் மனைவி ஸ்டெல்லாவுக்கு ஒதுக்கியது. நாற்காலி நிலவில் இருந்தது. அவள் தூத்துக்குடியில் இருந்தாள்.

நிலவுக் குடியிருப்பில் ஓர் ஆளுக்கு இடம் என்றால் ஒரு கலம் எத்தனாலமைன். நிறமில்லாத, எண்ணெய்ப் பதமான நீர்மம், அமோனியா நெடி. குளிர்ந்திருக்கையில் நாம் விடும் மூச்சின் கரிவளியை, அதாவது கரியமில வாயுவைப் பிடித்துக்கொள்ளும், சூடாக்கினால் விட்டுவிடும். அதனால் மூச்சேந்தி என்று பெயர். அதைத் தயாரிக்க அமோனியாவும் எத்திலீன் ஆக்சைடும் வேண்டும். முன்னது சிறுநீரிலிருந்து கிடைத்தது. பின்னதற்கான கரி, பிடித்துவைத்த மூச்சிலிருந்தே வந்தது. அப்படி மூவர் விட்ட மூச்சைக் கொண்டு நான்காமவளுக்குக் கலம் நிரப்பிவந்தார் இன்னாசி.

கரிவளி முதலில் பயிர்க்கூடத்துக்கு, மிச்சம்தான் அவருக்கு. அந்த மிச்சத்தைக் கூட்ட, கலங்களின் நீர்மத்தைச் சூடாக்கும் கொதிகலத்தை விதித்த சூட்டுக்கு மேல் ஏற்றினார். நான்காவது கலம் நிரம்பியது. ஆனால் மற்ற மூன்றிலும் நீர்மம் சிதைந்து கறுத்தது. காற்றில் கரிவளி கூடி மூவருக்கும் தலைவலி வந்த பிறகுதான் கலங்களைத் திறந்து பார்த்தார்கள்.

"வறக்காப்பி மாதிரி இருக்கே அண்ணே," என்றான் கதிரேசன். "அண்ணி வர்றதுக்குள்ளயே காப்பி போட்டு வச்சிட்டீங்களா?"

இன்னாசி எவ்வளவு சூடு வைத்தார் என்பதை மறைக்காமல் சொன்னார். பாழானதை நீக்கி நான்காவது கலத்துப் புதியதைச் சேர்த்தால் மூவருக்கும் போதும் என்று தலைவி கணக்குப் போட்டார். சேர்க்கச் சொல்லி உத்தரவிடவில்லை.

"நீங்களே சொல்லுங்க, இன்னாசி."

அவர் எழுந்துபோய், நான்காவது கலத்தைத் தாமே திறந்து மற்ற மூன்றிலும் ஊற்றினார். சற்று நேரத்தில் தலைவலி விட்டது. அது விட்டதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

பூமிக்குக் கடிதக் கலன் புறப்பட இருந்தது. ஸ்டெல்லாவுக்கு எழுதினார்:

'உனக்கென்று செய்த இடத்தில் நாங்கள் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறோம். இந்த முறை வராதே. மறுபடி செய்கிறேன். அவசரப்பட்டுத்தான் கெடுத்தேன், இனி சூட்டை ஏற்றமாட்டேன்.'

உறையை ஒட்டுமுன் அதன் வாயை விரித்து, உள்ளே ஒரு மூச்சு ஊதினார்.

"அண்ணே, அதுவும் கணக்குல குறையுமே," என்றான் கதிரேசன், மெதுவாக.

யார் கலத்தில் குறையும் என்று இன்னாசிக்குத் தெரியும். இருந்தாலும் உறையை அழுத்தி ஒட்டி, கலனில் வைத்து, அனுப்பினார்.