பீப்பாய் நகராது

எனக்கு ஒரு நல்ல பெயர் இருக்கிறது. ஆனால் வீட்டில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'எதிர்க்கட்சி' என்பார்கள். எதைச் சொன்னாலும் நான் "ஏன்?" என்று கேட்கிறேனாம். கேட்டால் என்ன தப்பு?

எங்கள் குடியிருப்பில் பதினாறு வீடுகள். கட்டடத்துக்குப் பின்னால் கையகல மண் தரை உண்டு. அங்கே ஒரு நீலப் பீப்பாய் நிற்கிறது. கீழ்வீட்டுத் தையல்கார அக்காவும் மெக்கானிக் அண்ணாவும் நானும் சேர்ந்து வைத்தது. அண்ணா அதில் வரிசையாக ஓட்டை போட்டுக் கொடுத்தார். பதினாறு வீட்டுக் காய்கறித் தோலும் அதற்குள் போகும். மேலே காய்ந்த இலையும் மரத்தூளும் போட வேண்டும். மூன்று மாதத்தில் எல்லாம் உரமாகிவிடும். அந்த உரத்தைப் போட்டுத்தான் அந்த மண் தரையில் தக்காளியும் வெண்டையும் வளர்ப்பது என்று நாங்கள் திட்டம் போட்டிருந்தோம்.

இரண்டாவது மாதம் பீப்பாய் நாற ஆரம்பித்தது. சும்மா இல்லை, மாடிப்படி ஏறும்போதே மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டிய நாற்றம்.

குடியிருப்புச் சங்கச் செயலாளர் மாமா உடனே அறிவிப்புப் பலகையில் ஒரு தாளை ஒட்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை பீப்பாய் குப்பை வண்டியில் ஏற்றப்படுமாம். அந்த இடத்துக்கு சிமென்ட் பூசப்படுமாம். நான் பென்சிலை எடுத்து அதன் கீழே 'முடியாது' என்று எழுதினேன். யார் எழுதியது என்று தெரிய வேண்டாமா? வீட்டு எண்ணையும் எழுதினேன்.

மாமா நேராக அம்மாவிடம் வந்து முறையிட்டார். அம்மா என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார். போய் அழித்துவிட்டு வரச் சொன்னார்.

"எழுதினது நான்தாம்மா. அழிக்க மாட்டேன்" என்றேன்.

அன்று எனக்கு இருந்த கோபத்தில் இன்னொரு காரியமும் செய்தேன். மூன்றாம் மாடியில் பாட்டு டீச்சர் இருக்கிறார். வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. அவர் வந்த பிறகுதானே நாற்றம் வந்தது? அவர்தான் கண்டதையும் கொட்டுகிறார் என்று மாடிப்படியில் நின்று சத்தமாகச் சொன்னேன். டீச்சர் காதில் அது விழுந்துவிட்டது. கதவைச் சாத்திக்கொண்டார்.

சனிக்கிழமை தையல்கார அக்கா பழைய தார்ப்பாயை விரித்தார். அண்ணா பீப்பாயைச் சாய்த்தார். உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிடுவோம் என்று மூன்று பேரும் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு கிளறினோம்.

இலைக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பை வந்தது. வாயை இறுக்கிக் கட்டிய பை. அதைக் கிழித்தால், ஐயோ, கறுப்புத் தண்ணீரும் நாற்றமும்! பிறகு இன்னொரு பை. அப்புறம் இன்னொன்று. மொத்தம் முப்பத்தொன்று. காற்றே போகாமல் எல்லாம் உள்ளுக்குள்ளேயே அழுகியிருந்தது.

"யாரு இவ்வளவு அக்கறையாக் கட்டிப் போட்டது?" என்று அக்கா கேட்டார்.

நான் பைகளைப் புரட்டிப் பார்த்தேன். எல்லாப் பையிலும் ஒரே மாதிரி முடிச்சு. முயல் காது மாதிரி இரண்டு பக்கமும் தூக்கிக்கொண்டு நிற்கும் முடிச்சு. என் ஷூ நாடாவுக்கு அப்பா போடும் அதே முடிச்சு.

அப்பா பேருந்து ஓட்டுநர். விடியும் முன்பே கிளம்பிவிடுவார். போகும்போது முந்தைய நாள் காய்கறித் தோலைப் பீப்பாயில் போட்டுவிட்டுப் போவார். அன்று சாயங்காலம் வேலை முடிந்து வந்தவரிடம் கேட்டேன்.

அப்பா பெருமையாகச் சிரித்தார். "ஆமா, நான்தான். உன் பீப்பாய் அழுக்காகக் கூடாதுன்னு நல்லாக் கட்டித்தான் போடுவேன். மேல இலையைத் தள்ளி மூடிட்டும் போவேன். அழகா இருக்கணும்ல?"

இப்படிச் சொல்பவரிடம் எப்படிச் சண்டை போடுவது? பையை அவிழ்த்துக் கொட்ட வேண்டும் என்று அவரிடம் யாருமே சொல்லவில்லை. நானும்தான் சொல்லவில்லை. இப்போது சொன்னேன். அப்பாவின் முகம் சுருங்கிப் போனது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை குப்பை வண்டி வந்து நின்றது. பதினாறு வீட்டிலிருந்தும் ஆட்கள் இறங்கி வந்தார்கள். நான் ஓடிப்போய்ப் பீப்பாயின் மூடி மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். இரண்டு கையாலும் மூடியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"நாத்தத்துக்குக் காரணம் கட்டிப் போட்ட பைங்கதான். அதையெல்லாம் போட்டது எங்க வீடு" என்றேன். "டீச்சர், உங்க மேல பழி போட்டேன். அது பொய். மன்னிச்சிடுங்க."

அப்பா கூட்டத்திலிருந்து முன்னால் வந்து, பையைக் கட்டியது தான்தான் என்று எல்லோரிடமும் சொன்னார்.

செயலாளர் மாமாவுக்கு அதுவே போதும் என்று ஆகிவிட்டது. "பாத்தீங்களா? அவங்களே ஒத்துக்கிட்டாங்க. தூக்குங்கப்பா" என்றார்.

"தப்பு எங்களுது மாமா. பீப்பாய் என்ன பண்ணுச்சு?"

"இறங்கு பாப்பா."

"மாட்டேன். பையெல்லாம் எடுத்தாச்சு. மரத்தூள் போட்டுக் கிளறியாச்சு. ஒரு வாரம் குடுங்க. அப்பவும் நாறினா நானே வண்டியில ஏத்திவிடுறேன்."

மாமா கிட்டே வந்து ஓட்டையில் மூக்கை வைத்து முகர்ந்தார். இன்னும் வருகிறது என்றார். கொஞ்சம் வரத்தான் செய்தது. நான் இல்லை என்று சொல்லவில்லை. இறங்கவும் இல்லை.

அப்போதுதான் பாட்டு டீச்சர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். என்னைத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் எனக்குப் பக்கத்தில் வந்து பீப்பாயைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என் மேல தப்புன்னு இவ சொன்னப்போ கோவமாத்தான் இருந்துச்சு" என்றார் டீச்சர். "இன்னிக்குத் தன் வீட்டுத் தப்பையே சொல்றா. ஒரு வாரம் குடுக்கலாம் சார்."

அப்பா மறுபக்கம் வந்து நின்றார். தையல்கார அக்காவும் மெக்கானிக் அண்ணாவும் வந்தார்கள். வண்டிக்காரர் கொட்டாவி விட்டபடி, இன்னும் நாலு தெரு பாக்கி இருக்கிறது, தூக்குவதா வேண்டாமா என்று கேட்டார். மாமா எங்கள் ஐந்து பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வண்டியைப் போகச் சொல்லிவிட்டார். ஒரே ஒரு வாரம்தான், அதற்கு மேல் ஒரு நாள் கூடக் கிடையாது என்று விரலை ஆட்டிச் சொன்னார்.

அந்த வாரம் முழுக்க நான் தினமும் காலையும் மாலையும் கிளறினேன். அப்பா காய்கறித் தோலைக் கிண்ணத்தில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு வேலைக்குப் போனார். டீச்சர் வாசலில் உதிர்ந்த இலையை எல்லாம் கூட்டிக்கொண்டு வந்து கொடுத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா சொன்னபடி வந்தார். மூடியைத் திறந்தார். குனிந்து முகர்ந்தார். நம்பாமல் இன்னொரு முறை முகர்ந்தார்.

"மண் வாசனைதான் வருது" என்றார். அதைச் சொல்வதற்குள் அவருக்கு என்ன கஷ்டம்! "சரி, இருக்கட்டும். ஆனா நான் அடுத்த வாரமும் வந்து பாப்பேன்."

"எல்லா வாரமும் வாங்க மாமா" என்றேன். "நாங்க எங்கயும் போகப் போறதில்ல."