அடையாளம் சொன்னவள்

வாசல் தெளிக்க வந்த உண்ணாமலை படியில் அந்தத் தடத்தைப் பார்த்தபோது, பாவு போட வந்த ஆள் எவனோ நின்றுவிட்டுப் போயிருக்கிறான் என்றுதான் நினைத்தாள். விடிவதற்கு முன்பே தெருவில் தறிக்கு ஏற்றும் பட்டு நூல் பாவை நீட்டிக் கஞ்சி போட்டிருந்தார்கள். சிந்திய கஞ்சி வெள்ளை வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருந்தது, லேசாகப் புளித்த வாடை தெருவெல்லாம். அந்தக் கஞ்சியை மிதித்தவன் நேராக இவள் வீட்டுக்கு வந்து, சிவப்பு சிமெண்டுப் படியில் இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்து, கதவைப் பார்த்து நின்றிருக்கிறான். வந்த தடம் இருந்தது. திரும்பிப் போன தடம் இல்லை. வலது பாதம் சரியாகப் பதியாமல் ஏதோ குறையாக இருந்ததுபோல் பட்டது. அவள் குனிந்து பார்க்கவில்லை. ஒரு வாளித் தண்ணீரை ஊற்றித் துடைப்பத்தால் தேய்த்துத் தள்ளினாள்.

மறுநாளும் அதே இடத்தில் அதே தடம். அதற்கடுத்த நாளும். தாலி இறங்கிய வீட்டுப் படியில் கால் வைக்க இந்தத் தெருவில் அவ்வளவு ஆசை யாருக்கு என்று கசப்போடு நினைத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டு ராஜம்மாளே காலையில் இவள் முகத்தில் விழிக்கக் கூடாதென்று எதிர் வரிசைக்கு மாறி நடக்கிறாள்.

ராஜ்குமார் போய் நாற்பது நாள் ஆகிறது. தீபாவளிக்கு முந்தின வாரம், நெய்து முடித்த புடவைகளைக் கடையில் கொடுக்கப் பட்டணத்துக்குப் போனவன், மார்க்கெட்டில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றிருந்தான். எவனோ ஒரு சாப்பாட்டுப் பையை ஜவுளிக்கடை வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அது வெடித்ததில் முப்பத்தோரு பேர். டிவியில் ஒரு வாரம் கத்தினார்கள். எந்த அமைப்பு, எந்த நாட்டுச் சதி என்று கோட்டுப் போட்டவர்கள் மேசையைத் தட்டினார்கள். பெரிய மனிதர்கள் மலர்வளையம் வைத்தார்கள். நாலாம் நாளே மார்க்கெட்டைக் கழுவித் திறந்துவிட்டார்கள், பண்டிகை வியாபாரம் கெடக்கூடாது பாருங்கள். அப்புறம் கிரிக்கெட் வந்தது. அந்தப் பையை வைத்தவன் ஆரணி என்று ஓர் ஊர் இருப்பதைக்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டான்.

ராஜ்குமாருக்குக் கூட்டத்தில் நின்றால் தலை சுற்றும். அதனால் இரண்டு வீடு தள்ளியிருந்த ஜெயவேலிடம், "தம்பி, அவரு கூட ஒரு எட்டு போய்ட்டு வந்துடுங்க, தனியா அனுப்ப பயமா இருக்குது" என்று கேட்டவள் உண்ணாமலைதான். அவனுக்கு அன்று பட்டணத்தில் ஒரு வேலையும் இல்லை. தறியை அப்படியே விட்டுவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

இருவரும் திரும்பவில்லை. உண்ணாமலையும் கொழுந்தன் திருமலையும் மூன்று நாள் பெரியாஸ்பத்திரிப் பிணவறை வாசலில் கிடந்தார்கள். ஜெயவேலின் பெண்டாட்டி துர்கா காய்ச்சலில் கிடந்ததால் வரவில்லை. மூன்றாம் நாள் மாலை இவர்களை உள்ளே கூப்பிட்டார்கள். மூடியிருந்த துணியை ஒரு முனையில் விலக்கி ஒரு காலை மட்டும் காட்டினார்கள், வலது கால். பினாயிலும் கருகல் வாடையும் கலந்து தொண்டையில் இறங்கின.

"மத்தத பாக்க வேணாம்மா" என்றான் துணியைப் பிடித்திருந்தவன்.

போலீஸ்காரர் ஒரு காகிதத்தை நீட்டிக்கொண்டு நின்றார். "நிச்சயமாத் தெரிஞ்சா சொல்லுங்க, இப்பவே குடுத்துடுவோம். சந்தேகம்னா ரத்தம் எடுத்துப் பாக்கணும். மாசக்கணக்கா ஆவும்."

கட்டைவிரலுக்குக் கீழே, மிதிபலகையை வருஷக்கணக்காக மிதித்து மிதித்துக் காய்த்துப்போன தடிப்பு இருந்தது. தறிக்காரன் காலில்தான் அந்த இடத்தில் அப்படிக் காய்க்கும். அந்த முப்பத்தோரு பேரில் வேறு யாருக்கு அது இருக்கப்போகிறது?

"எங்க வூட்டுக்காரர்தாங்க. தறி மிதிச்ச கால்" என்றாள்.

ராஜ்குமாரின் வலது காலில் இரண்டாம் விரல் கட்டைவிரல்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். கல்யாணமான வருஷம் தறியின் பாரக்கல் விழுந்து ஒடிந்தது, கட்டுப் போட்டும் நேராகவில்லை. குளித்துவிட்டு ஈரக்காலோடு நடந்தால் தரையில் நாலு விரல்தான் பதியும். 'நாலு விரல்காரரே, துவட்டிகினு வாங்க' என்று அவள் எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறாள். துணிக்கு அடியில் பார்த்த காலில் ஐந்து விரல்களும் வரிசையாக, நேராக இருந்தன. அவள் பார்த்தாள். பார்க்கவில்லை என்று யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம், தனக்குத்தானே சொல்லிக்கொள்ள முடியவில்லை. வெறுங்கையோடு ஊர் திரும்ப அவளுக்குத் தெம்பில்லை. கையெழுத்துப் போட்டாள்.

ஆற்றங்கரையில் எரித்தார்கள். திருமலை கொள்ளி வைத்தான். ராஜ்குமார், ராஜ்குமார் என்று பேர் சொல்லிச் சொல்லிப் பிண்டம் வைத்தார்கள். வா, வந்து வாங்கிக்கொள் என்று பதினாறு நாளும் இந்த வீட்டு வாசலிலிருந்து கூப்பிட்டார்கள்.

தறிக்காரன் பாதிப் புடவையில் செத்தால், பதினாறாம் நாள் அந்தப் புடவையைத் தறியிலிருந்து அறுத்துவிடுவது அந்தத் தெருவின் வழக்கம். மிச்சப் பாவில் வேறு யாரும் கை வைக்க மாட்டார்கள். திருமலை கத்தரிக்கோலோடு வந்தான்.

"அறுத்துடலாம் அண்ணி. வச்சிருந்தா நல்லதில்ல."

"கெடக்கட்டும்" என்று தடுத்தது உண்ணாமலைதான். அரக்கு உடல், பச்சைக் கரை. அவன் கடைசியாக அடித்த இழையை வெட்ட அவளுக்கு மனசு வரவில்லை. திருமலை முணுமுணுத்துக்கொண்டே கண்ணமங்கலம் பஸ் ஏறினான்.

அதற்குப் பிறகுதான் புடவை வளர்ந்தது.

முதலில் கண் ஏமாற்றுகிறது என்று நினைத்தாள். கண்ணாடியில் ஒட்டிக் கிடந்த பழைய ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்து, இனி அதற்கு வேறு என்ன உபயோகம் என்று, நெய்த துணியின் கடைசி விளிம்பில் ஒட்டிவைத்தாள். மறுநாள் பார்த்தபோது பொட்டைத் தாண்டி நாலு விரல்கடை புதுத் துணி இருந்தது. கரை பிசகாமல், இழை நெருக்கமாக, தேர்ந்த கை நெய்தது.

சத்தம் மதியத்தில் வந்தது. அடுத்த வீட்டில் எட்டு பவர்லூம். காலையிலிருந்து சுவரே அதிரும்படி தடதடத்துக்கொண்டிருக்கும் அவை, ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்காக ஒன்றொன்றாக நிற்கும். கடைசித் தறியும் நின்ற பிறகு காதுக்குள் கொஞ்ச நேரம் ரீங்காரம் சுற்றும், பிறகு எங்கோ ஒரு குக்கர் விசில், ஒரு காக்கை, தாழ்வாரத்து ஓட்டிலிருந்து சொட்டும் தண்ணீர், அதற்கும் பிறகு, எல்லாம் அடங்கிய அந்த அரைமணி நேரத்தில், தறி அறையின் இருட்டுக்குள்ளிருந்து, நூலை நெருக்கி அடிக்கும் பலகையின் சத்தம் மெதுவாகக் கிளம்பும். டொக். எட்டிப் பார்த்தால் நின்றுவிடும். குறுக்கிழை ஓட்டும் நாடா மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருக்கும்.

உண்ணாமலை பயப்படவில்லை. சொன்னால் காறித் துப்புவார்கள், அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கால் எதுவாக இருந்தால் என்ன, கூப்பிட்டதற்கு வந்துவிட்டான். ஒரு மணி ஆனதும் தறிக்குழி ஓரத்தில் ஒரு டம்ளர் டீயை வைத்தாள். ராட்டையை இழுத்துப் போட்டுக்கொண்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்து, நாடாவுக்கான நூலைத் தாரில் சுற்றினாள். ஐந்து நாள் அப்படி ஒரு குடித்தனம் நடந்தது.

ஆறாம் நாள் ராட்டையின் நூல் அறுந்தது. கை நின்றது. காது மட்டும் மிச்சமிருந்தது.

டொக்.

கொஞ்சம் இடைவெளி.

டொக்.

ராஜ்குமார் ஓர் இழைக்கு இரண்டு அடி அடிப்பான். டொக்டொக். இருபது வருஷமாக அவள் சமைத்ததும் தூங்கியதும் அந்த இரட்டைச் சத்தத்தில்தான். தறிக்காரன் வீட்டுப் பெண்ணுக்கு அடி தெரியும், குரல் தெரிவதுபோல. ஒற்றை அடி, ஒரு மூச்சு விடும் நேரம், மறுபடி ஒற்றை அடி. இதையும் அவள் கேட்டிருக்கிறாள். இரண்டு வீடு தள்ளி, பதினைந்து வருஷமாக.

டம்ளரில் டீ ஆடை படிந்து அப்படியே இருந்தது. பட்டு பொசுங்கினால் வரும் நாற்றம், மயிர் கருகுவது மாதிரி, தறிக்குழியிலிருந்து மேலே வந்தது. அவள் திரும்பவில்லை. உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

துர்கா தினமும் சாயங்காலம் வருவாள். தலையில் பூ, நெற்றியில் பொட்டு, கழுத்தில் தாலி. காணாமல் போனவன் வருவான் என்று இரண்டு வேளையும் அவனுக்கும் சேர்த்துச் சோறு வடிக்கிறாள்.

"அக்கா, எங்க பாப்பா ரத்தம் எடுத்தாங்களே, அது எதோடயும் சேரலையாம்" என்றாள் ஒருநாள், ஏறக்குறைய சிரித்துக்கொண்டே. "அப்போ எங்கயோ உயிரோடதான கீறாரு? அடிபட்டு, நெனப்பு தப்பி, எந்த ஊர்ல சுத்திகினு கீறாரோ."

உண்ணாமலை தலையாட்டினாள்.

"ஒரே ஒரு ஆம்பள பொணம் கேக்க ஆளில்லாம கெடக்குதாம். அது இவரு இல்லன்னு சொல்லிட்டாங்க. மாசக் கடைசில அவங்களே பொதைச்சுடுவாங்களாம். பாவம், யாரு பெத்த புள்ளையோ."

அது யார் என்று உண்ணாமலைக்குத் தெரியும். இரண்டாம் விரல் ஏறிய வலது காலோடு, இரும்புப் பெட்டிக்குள், குளிரில் கிடக்கிறான். ஒரு வார்த்தை சொன்னால் போதும், கூட்டிக்கொண்டு வந்துவிடலாம். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் இந்தப் பெண்ணின் பூவையும் பொட்டையும் இவள் கையாலேயே எடுத்த மாதிரி. துணைக்கு அனுப்பியவள், எரித்தவள், இரண்டும் இவள்தான் என்று சொல்ல வேண்டும். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று காப்பி கலக்கப் போனாள். மறுநாளும் காப்பிதான் கலந்தாள். சீ, என்ன பிறவி நான் என்று அடுப்பின் முன்னால் நின்று அழுதாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு டம்ளரை நீட்டினாள்.

மாசம் முடிந்தது.

அன்று காலையிலிருந்தே விடாத மழை. தெருவில் பாவு இல்லை, கஞ்சி இல்லை. படியில் தடமும் இருக்காது என்று நினைத்து, கதவைத் திறக்காமலே இருந்தாள். துர்கா வழக்கத்துக்கு மாறாக மதியமே வந்து கதவைத் தட்டினாள், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு.

"அந்த அனாதைப் பொணத்த நேத்து பொதைச்சுட்டாங்களாம் அக்கா. போன் பண்ணி கேட்டேன். மனசுக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு, அதான் வந்தேன்."

உண்ணாமலை சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அடுத்த வீட்டில் ஒரு தறி நின்றது. இன்னொன்று. மணி ஒன்று ஆகிவிட்டது.

"நீ வூட்டுக்குப் போ துர்கா. ஜல்தியா போ. மழ வலுக்குது."

"இரு அக்கா, இப்பதான வந்தேன்."

கடைசித் தறி நின்றது.

மழைச் சத்தம்.

டொக்.

துர்காவின் முகம் மெல்லத் திரும்பியது.

டொக்.

"தறியில யாரு?"

"யாருமில்ல. எலி."

டொக்.

துர்கா எழுந்தாள். உண்ணாமலை அவள் முந்தானையைப் பிடித்தாள். ஈரத்துணி கையிலிருந்து நழுவியது. துர்கா தறி அறைக்குள் போனாள். சத்தம் நின்றது. கருகல் வாடை கூடத்துக்கு வந்தது. உள்ளேயிருந்து துர்காவின் குரல் கேட்டது, கோபமில்லாமல், புருஷனை வீட்டில் கடிந்துகொள்ளும் அதே குரல்.

"இங்கயா குந்திகினு கீறீங்க? அங்க சோறு ஆறிப்போவுது."

பிறகு, மெதுவாக, டொக்.

துர்கா தறி ஓரத்தில் உட்கார்ந்தது வாசல் நிலை வழியாகத் தெரிந்தது. பூவை எடுத்துத் தரையில் வைத்தாள். திரும்பாமலே கேட்டாள்.

"எத்தினி நாளா தெரியும்க்கா உனக்கு?"

உண்ணாமலையால் அங்கே இருக்க முடியவில்லை. எழுந்தாள். தெருக்கதவைத் திறந்தாள்.

மழை சரிந்து பெய்தது. படி முழுக்க நனைந்து, சிமெண்டின் சிவப்பு கறுத்து மின்னியது. இரண்டு இடம் மட்டும் நனையவில்லை. பாதம் அளவுக்கு. பக்கத்தில் பக்கத்தில். கதவைப் பார்த்தபடி. மேலே கூரையில்லை, குடையில்லை, ஆளில்லை. மழை அங்கே மட்டும் விழவில்லை.

இன்று குனிந்தாள். எண்ணினாள். இடது காலில் ஐந்து விரல். வலது காலில் நாலு.

"உள்ள வாங்க" என்றாள். மறுபடி சொன்னாள். "ஏங்க. உள்ள வாங்க."

கதவு திறந்தே இருந்தது. காய்ந்த பாதங்கள் நின்ற இடத்திலேயே நின்றன. அவள் முதுகுக்குப் பின்னால், அவனுடைய தறியில், அவன் பேர் சொல்லிக் கூப்பிட்டு வந்தவன், ஒற்றை அடியாக அடித்துக்கொண்டிருந்தான்.